குறும்படத்தில் திருநங்கைப் பாத்திரம்: ஆண் நடிகரைப் போடலாமா? (மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் வந்து சொல்லுங்கள்)

வாவிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் கல்லடிப் பக்கம். நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கப் போகிறோம். சொந்தக் காசு, இரவல் கமரா, சம்பளம் கேட்காத கூட்டாளிகள். வழமைதான்.

கதை வாழைச்சேனைக்குக் கிட்ட ஒரு கிராமத்தில் நடக்கிறது. அப்பா செத்து முப்பத்தோராம் நாள். கொழும்பில் தையல் கடை வைத்திருக்கும் மூத்த பிள்ளை பல வருடங்களுக்குப் பிறகு ஊருக்கு வருகிறாள். ஊரை விட்டுப் போகும்போது எல்லாரும் அவளைப் பொடியன் என்றுதான் நினைத்திருந்தார்கள். இப்போது பெயர் சாந்தி. கிரியையில் மகன் செய்ய வேண்டியதை யார் செய்வது என்று சொந்தக்காரருக்குள் இழுபறி. ஐயர் காத்திருக்கிறார், படைத்த சோறு ஆறுகிறது, பெரியப்பா வாசலை விட்டு அசைய மாட்டேன் என்று நிற்கிறார்.

எங்கள் குழுவுக்குள் சண்டை சாந்தியாக யார் நடிப்பது என்பதில். கூத்துப் பழகிய ஒரு தம்பி இருக்கிறார், நல்ல நடிகர், அவரைப் போடலாம் என்கிறார்கள். ஒரு திருநங்கையைத்தான் தேட வேண்டும் என்பது என் கட்சி. "சூப்பர் டீலக்ஸில் விஜய் சேதுபதி நடிக்கவில்லையா, தேசிய விருதே கொடுத்தார்களே" என்று என் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். உங்கள் அபிப்பிராயம் என்ன? சண்டை பிடிக்கலாம், தூஷணம் வேண்டாம்.

நேர்கோடு

நடிப்பு என்றாலே இல்லாததைக் காட்டுவதுதான் தங்கச்சி. கொலைகாரன் பாத்திரத்துக்குக் கொலைகாரனையா தேடுகிறோம்? ராஜா வேஷத்துக்கு ராஜாவையா? கதை நன்றாக இருந்தால் சனம் பார்க்கும். இந்தப் பிரதிநிதித்துவக் கதை எல்லாம் ஹொலிவூட்டில் கிளம்பியது, நமக்கு எதற்கு?

படுவான்கரை_மத்தளம்

நான் அண்ணாவியார் (கூத்துப் பழக்குகிறவர்) வீட்டில் வளர்ந்தவன். ஆகவே முதலில் கூத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

வடமோடியோ தென்மோடியோ, கூத்தில் எந்த வகையானாலும் எங்கள் ஊர்களில் பெண் வேஷம் கட்டியது ஆண்கள்தான். நான் சின்ன வயதில் பார்த்த திரௌபதை பகலில் வரம்பு கட்டுகிற ஒரு வேளாண்மைக்காரர். இரவில் முத்துவெள்ளை பூசிக் கொண்டை போட்டு, வரவுத் தாளத்துக்குக் களரிக்குள் (கூத்து ஆடுகிற இடம்) இறங்கினாரென்றால் முன்வரிசையில் இருக்கிற கிழவிகள் அழுவார்கள். யாரும் 'இவர் ஆண்தானே' என்று கேட்டதில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைச் சுருக்கி மேடைக்கு ஏற்றினார். பிறகு மௌனகுரு ஐயா போன்றவர்கள் அதைப் பல்கலைக்கழகத்துக்குள் வளர்த்தார்கள். இப்போது பெண் பிள்ளைகளும் களரியில் ஆடுகிறார்கள், நல்லது. அதற்காக ஆண் பெண் வேஷம் கட்டுவது குற்றம் என்று சொல்ல வராதீர்கள். அந்தத் தம்பிக்கு ஆட்டம் தெரிந்தால் அவருக்கே கொடுங்கள் மகள்.

நிலாமதி

நான் இங்கே பெரும்பாலும் வாசிப்பதோடு சரி. இந்த முறை எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் திருநங்கை. ஊர் எது என்று கேட்காதீர்கள், மட்டக்களப்பு மாவட்டம்தான்.

மத்தளம் அண்ணன், நீங்கள் சொல்கிற அதே களரியில் நானும் ஆடியிருக்கிறேன். பெண் வேஷம் எனக்குத்தான் என்று அண்ணாவியார் முதல் நாளே சொல்லிவிட்டார். சட்டம் (அவரவர் பாத்திரத்துப் பாட்டும் வசனமும்) கொடுக்கும்போதே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அரங்கேற்றத்து இரவு முழுக்க ஊர் என்னைக் கண்ணெடுக்காமல் பார்த்தது. கழுத்தில் மாலை, கையில் சந்தோஷக் காசு. விடிந்து முகத்தைக் கழுவிவிட்டு அதே நடையில் கடைக்குப் போனேன், அதே ஆட்கள் சிரித்தார்கள். வேஷம் என்றால் கும்பிடு, வாழ்க்கை என்றால் கூத்து. நீங்கள் பார்த்த திரௌபதைக்கு விடிந்ததும் வயலுக்குப் போக முடிந்தது. எனக்கு அப்படி இறக்கி வைக்க ஒன்றும் இருக்கவில்லை.

சூப்பர் டீலக்ஸ் பற்றி: விஜய் சேதுபதி நன்றாகத்தான் நடித்தார். ஆனால் அந்த ஷில்பா ஒரு காலத்தில் பிள்ளைகளைக் கடத்திக் கொடுத்தவள் என்று ஒரு கதை வைத்தார்களே, அது எதற்கு? எங்களைப் பற்றி ஊரில் உலவுகிற பழிகளில் மோசமானது அதுதான். எழுதும்போது பக்கத்தில் எங்களில் ஒருத்தி இருந்திருந்தால் 'இது வேண்டாம்' என்று சொல்லியிருப்பாள். இந்தியாவில் எங்கள் சகோதரிகள் பலர் இதைத்தான் கேட்டார்கள்.

கல்முனை_காக்கா

நிலாமதி தங்கச்சி சொன்னதற்கு நான் கொஞ்சம் வரலாறு சேர்க்கிறேன்.

தமிழ் சினிமாவில் திருநங்கை வந்தால் பெரும்பாலும் மூன்று கதவுதான்: வில்லன், பகிடி, பேய். அப்பு (2000) படத்தில் பிரகாஷ்ராஜ் விபசார விடுதி நடத்தும் மகாராணி. காஞ்சனா (2011) படத்தில் சரத்குமார், நல்ல மனசுக்காரி, ஆனால் செத்துப் பேயான பிறகுதான் கதைக்குள் வருகிறாள். ஐ (2015) வேறு விதம். அங்கே ஒப்பனைக் கலைஞராக வருகிற பாத்திரத்தில் உண்மையிலேயே ஒரு திருநங்கைதான் நடித்தார். ஓஜஸ் ரஜனி, நிஜத்திலும் ஒப்பனைக் கலைஞர். அப்படியிருந்தும் அந்தப் பாத்திரத்தை அருவருப்பாகக் காட்டியதற்காகச் சென்னையில் திருநங்கைகள் போராட்டம் நடத்தினார்கள். ஆக, ஆளைச் சரியாகப் போட்டுவிட்டால் எல்லாம் சரி என்று வாவிக்கரை நினைக்கக் கூடாது. எழுத்துத்தான் முதலில்.

நல்ல உதாரணமும் இருக்கிறது. அதே 2011 இல் நர்த்தகியில் கல்கி சுப்பிரமணியம் கதாநாயகி. பேரன்பில் மம்மூட்டியோடு அஞ்சலி அமீர். ராம் அந்தப் பாத்திரத்தை அநியாயத்துக்கு அழவைக்கவில்லை. அந்தப் பெண் வருகிறாள், வேலை செய்கிறாள், அன்பு காட்டுகிறாள், கதையில் அவளுக்கு ஒரு இடம் இருக்கிறது.

நேர்கோடு

காக்கா, உங்கள் பட்டியல் சரி. ஆனால் இது எங்கே போய் முடியும்? ஒஸ்காரில் இப்போது கணக்குப் பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டுமாம். இத்தனை கறுப்பர், இத்தனை பெண், இத்தனை ஓரினச் சேர்க்கையாளர். அதுவா கலை?

கல்முனை_காக்கா

நீங்கள் கேள்விப்பட்டது அரைவாசிதான். அந்த விதி 2020 இல் அறிவிக்கப்பட்டு 2024 விழாவிலிருந்து நடைமுறைக்கு வந்தது. சிறந்த படம் என்ற ஒரே ஒரு விருதுக்கு மட்டும். நாலு தரங்கள் இருக்கின்றன, அதில் இரண்டை நிறைவேற்றினால் போதும். திரையில் யார் வருகிறார்கள் என்பது நாலில் ஒன்றுதான். மற்றவை படப்பிடிப்புக் குழுவில் யார், பயிற்சி வேலை யாருக்குக் கொடுக்கிறீர்கள், விளம்பரத்திலும் விநியோகத்திலும் யார் இருக்கிறார்கள் என்பவை. முழுக்க வெள்ளைக்கார ஆண்கள் நடித்த படமும் மற்ற மூன்றில் இரண்டால் தகுதி பெறலாம்.

இன்னொன்று. கணக்குப் பார்ப்பது புதுசு என்கிறீர்கள். ஹொலிவூட்டில் 1934 முதல் 1968 வரை ஹேஸ் விதி என்று ஒன்று இறுக்கமாக இருந்தது. ஓரினக் காதலைக் காட்டக் கூடாது, வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதைக் காட்டக் கூடாது. அதுவும் கணக்குத்தானே? 1940 இல் ஹற்றி மக்டானியல் ஒஸ்கார் வாங்கிய முதல் கறுப்பினப் பெண். அன்று இரவு அவரை மற்ற நடிகர்களோடு இருத்தாமல் ஓரத்தில் தனி மேசையில் இருத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரு கறுப்பினப் பெண் சிறந்த கதாநாயகி விருது வாங்க 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் யாரும் 'கலை கெட்டுப் போகிறது' என்று கவலைப்படவில்லை.

ஸ்காபரோ_மட்டுநகரான்

கனடாவில் இருந்து. நான் வந்தாறுமூலைக்காரன், வந்து கனகாலம்.

'ஆர் நடிச்சால் என்ன' என்று கேட்பவர்கள் ஃபன்னி போய் படத்தை ஒருக்கா பாருங்கள். ஷியாம் செல்வதுரை 1994 இல் எழுதிய நாவல். கொழும்பில் வளரும் ஒரு தமிழ்ப் பொடியன், தான் மற்றப் பொடியன்களைப் போல இல்லை என்று உணர்கிறான், 83 கலவரம் வருகிறது. எங்களில் எத்தனையோ பேருக்கு அந்தப் புத்தகம் உயிர். தீபா மேத்தா 2020 இல் படமாக்கினார். முக்கியமான தமிழ்ப் பாத்திரங்கள் பலவற்றில் தமிழர் இல்லை. அவர்கள் பேசிய தமிழைக் கேட்டு இங்கே ரொறன்ரோவில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. என் அம்மா பக்கத்தில் இருந்து பார்த்தவ. ஒரு கட்டத்தில் "இது என்ன பாசை மனே?" என்றா. அது தமிழ் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

மொழிக்காக வீடு எரிந்தவர்களின் கதையில் அந்த மொழியே இல்லை என்றால், நேர்கோடு, கதை நன்றாக இருந்து என்ன பிரயோசனம்?

அதே வருடம் வந்த நெவர் ஹாவ் ஐ எவர் தொடரில் மைத்ரேயி ராமகிருஷ்ணனைப் பாருங்கள். ஈழத்துப் பெற்றோரின் பிள்ளை, இங்கே மிசிசாகாவில் வளர்ந்தவர். பதினையாயிரம் பேர் விண்ணப்பித்த திறந்த தேர்வில் எடுத்தார்கள். 'ஆள் கிடைக்கவில்லை' என்பது தேடாதவர்கள் சொல்வது.

இந்தியப் படம் என்றால் இன்னொரு கூத்து. இலங்கைத் தமிழன் என்றாலே யாழ்ப்பாணத்துப் பேச்சு. தெனாலியில் கமல் தொடங்கி வைத்தார், இன்னும் அதே தடம்தான். 'பிறகு' என்பதற்கு நம்மட மட்டக்களப்பில் சொல்கிற 'மறுகா'வை ஒரு பாத்திரம் சொல்லி நான் எந்தத் தியேட்டரிலும் கேட்டதில்லை. வாவிக்கரை, உங்கள் பெரியப்பா எந்தப் பேச்சுப் பேசுகிறார்?

வாவிக்கரை

வாழைச்சேனைப் பேச்சுத்தான் அண்ணே. அதிலே விட்டுக்கொடுப்பு இல்லை. வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பினால் கீழே மொழிபெயர்ப்பு எழுத்து ஓடட்டும்.

டச்பார்_தச்சன்

நீங்கள் எல்லாரும் பேசும்போது நானும் கொஞ்சம் கையைத் தூக்கலாமா? நாங்கள் மட்டக்களப்புப் பறங்கியர். பேர் கேட்டால் வெள்ளைக்காரப் பேர், வாயைத் திறந்தால் உங்களை விட நல்ல மட்டக்களப்புத் தமிழ். வீட்டில் பழைய ஆட்கள் இன்னும் போர்த்துக்கேய மொழி பேசுவார்கள். கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது 1628 இல், பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். மொழி மட்டும் எங்கள் சமையலறையில் இவ்வளவு காலம் தங்கிவிட்டது. தச்சு, இரும்பு வேலை, தையல் எங்கள் தொழில். கலியாண வீட்டில் கபிரிஞ்ஞா ஆடுவோம். 2004 சுனாமி டச்பாரில் எங்கள் சனத்தில் எவ்வளவு பேரைக் கொண்டு போனது என்று இந்த ஊர்க்காரருக்குத் தெரியும்.

படத்தில் பறங்கியர் வந்தால் கொழும்புக் குடிகாரன், அல்லது ஒஸ்ரேலியாவுக்குப் போகப் பெட்டி கட்டுகிறவன். தமிழ் பேசுகிற பறங்கித் தச்சனை யாரும் எழுதவில்லை. எனக்குப் பெரிய பாத்திரம் வேண்டாம். முப்பத்தோராம் நாள் வீட்டில் கொட்டில் போட ஒரு ஆள் வேண்டும்தானே, அவனுக்கு எங்கள் பேர் ஒன்றை வையுங்கள்.

கல்முனை_காக்கா

தச்சன் தம்பி, நல்ல கேள்வி. அப்படிப் பார்த்தால் அக்கரைப்பற்றுக்குக் கிட்ட அளிக்கம்பையில் தெலுங்கு பேசுகிற சனம் இருக்கிறது, வாகரைப் பக்கம் தமிழ் பேசும் வேடர் இருக்கிறார்கள். எந்தப் படத்தில் கண்டோம்?

எங்கள் பாடும் அதுதான். 2012 கணக்கெடுப்பில் அம்பாறை மாவட்டத்தில் நாற்பது வீதத்துக்கு மேல் முஸ்லிம்கள். தாய்மொழி தமிழ். தமிழ்ப் படத்தில் நாங்கள் எப்படி வருகிறோம்? துப்பாக்கி, விஸ்வரூபம், பீஸ்ட்... கையில் குண்டு. அல்லது கதாநாயகனுக்காக உயிரை விடுகிற நல்ல பாய். சாய்ந்தமருதில் மீன் ஏலம் கூறுகிற, மருதமுனையில் தறி நெய்கிற, பிள்ளையின் ரியூஷன் காசுக்கு மண்டையைப் பிய்க்கிற மனிசன் ஒருவன்கூட இல்லை.

போரைப் பற்றிய படங்களிலும் நாங்கள் இல்லை. 1990 இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பத்தைப் படத்தில் வைத்தவர் ஒரு சிங்களவர், பிரசன்ன விதானகே, 2003 இல் இர மதியம படத்தில். தமிழில் எடுக்க நமக்கு ஏன் மனம் வரவில்லை?

எழுவான்_சூரியன்

எங்கட சனம் செத்ததை யாரும் எடுக்கவில்லை, அதற்குள் உங்களுக்குப் படம் எடுக்க வேண்டுமா காக்கா? முதலில்

*[மீதி நெறியாளரால் நீக்கப்பட்டது]*

நெறியாள்

இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். இன்னொரு முறை யாராவது எதிர்ப்பக்கத்துச் சாவை எண்ணினால் இழையைப் பூட்டுவேன்.

படுவான்கரை_மத்தளம்

நெறியாளர் மன்னிக்கவும், ஒரு வரி மட்டும். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் முஸ்லிம்களைக் கொன்றார்கள். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழரைக் கொன்றார்கள். இரண்டுக்கும் இடையில் பஸ்ஸில் எவ்வளவு நேரம்? ஒருத்தன் துணிந்தால் இரண்டையும் ஒரே படத்தில்தான் எடுக்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றதை எடுத்தால் அது பிரசாரம். இனி நான் வாயைத் திறக்கவில்லை, குறும்படத்துக்கு வாருங்கள்.

வயலோரம்

சம்மாந்துறையில் இருந்து. இவ்வளவு நேரம் இனம், மதம், திருநங்கை எல்லாம் பேசினீர்கள். பெண்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே!

நான் கறுப்பு. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் சிவாஜி (2007) படம் வந்தது. அதிலே கறுப்புச் சாயம் பூசிய இரண்டு பெண்களை வைத்துச் சிரிப்புக் காட்டினார்கள். பேர் அங்கவை, சங்கவை. பாரி மன்னனின் மக்கள், புறநானூற்றில் வருகிறவர்கள் என்று அடுத்த பாடத்தில் ரீச்சர் படிப்பிக்கிறா, வகுப்பில் பொடியன்மார் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒரு பகிடி ஊருக்குள் வந்தால் அது தியேட்டரோடு நிற்பதில்லை.

சரி, அது பழைய கோபம். நான் சொல்ல வந்தது வீட்டைப் பற்றி.

இந்திய சீரியலில் மருமகள் கண்ணீரோடு புகுந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறாள், மாமியார் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறாள். நம்மட பெண்களும் அதைப் பார்த்து அழுகிறார்கள். ஆனால் நம்மட பக்கம் அப்படியா நடக்கிறது? இங்கே குடி (குலம்) தாய்வழி. தமிழருக்கும் அதுதான், முஸ்லிம்களான எங்களுக்கும் அதுதான். பெண் பிள்ளை பிறந்தால் வாப்பா வளவு தேடத் தொடங்குவார். வீடு மகளின் பேரில். கலியாணம் முடித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் மாப்பிள்ளை. முதல் கொஞ்ச நாள் எந்த ஆளி எந்த லைற்றுக்கு என்றுகூடத் தெரியாமல் இருட்டில் தடவிக்கொண்டு நிற்பார். மாமாவுக்கு முன்னால் கதிரையில் இருப்பதா நிற்பதா என்று யோசிப்பார். இதை வைத்து எவ்வளவு நல்ல சிரிப்புப் படம் எடுக்கலாம்! ஒருத்தரும் எடுக்கவில்லை, ஏனென்றால் படம் எடுக்கிறவர்கள் தலையில் இருப்பது சென்னை வீடு.

இதில் கஷ்டமும் இருக்கிறது. வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை. எத்தனை பேர் அந்த வீட்டைக் கட்டுவதற்காகவே சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள், தங்கச்சிக்கு வீடு கட்டி முடிக்கும்போது தனக்கு வயது போய்விட்டது என்று எத்தனை அக்காமார். அவர்களையும் படத்தில் காணோம்.

இப்போது வாவிக்கரை அக்காவின் கதைக்கு வருகிறேன். கொள்ளி, கிரியை எல்லாம் இந்தியப் படத்திலும் வரும். மட்டக்களப்பில் சாந்தி வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரருக்கு முதல் பயம் அதுவாகவா இருக்கும்? சாந்தி மூத்தவள். கீழே தங்கச்சி இருக்கிறாளா? இருந்தால், சாந்தியை 'மகள்' என்று ஒப்புக்கொண்ட அடுத்த நிமிடம் ஒரு கேள்வி எழும்பும்: வீடு யாருக்கு?

வாவிக்கரை

வயலோரம், நான் இதை வாசித்துவிட்டு எழும்பி நடந்தேன். தங்கச்சி இருக்கிறாள்! திரைக்கதையில் அவளுக்கு மூன்று வரிதான் வசனம். பெரியப்பா ஏன் வாசலில் நிற்கிறார் என்பதற்கு 'மானம்' என்று மட்டும் எழுதியிருந்தேன். அவருடைய மகனுக்கும் அந்தத் தங்கச்சிக்கும் பேச்சு நடக்கிறது என்றால்...

படுவான்கரை_மத்தளம்

பெரியப்பாவின் மகன் தங்கச்சிக்கு அண்ணன் முறை மகள். கெடுத்துப் போடாதீர்கள். அவரை மாமாவாக மாற்றுங்கள். அம்மாவின் தம்பி. அப்போது அவர் மகன் மச்சான் முறை, சரியாக வரும்.

வாவிக்கரை

ஹா ஹா. சரி, மாமா.

நிலாமதி

வயலோரம் சொன்னது நூற்றுக்கு நூறு. என்னை ஊரில் 'அவன்' என்று சொல்கிறவர்கள் எல்லாரும் அறியாமையில் சொல்வதில்லை. சிலருக்கு வீட்டு உறுதிப் பத்திரம் காரணம்.

ஆனால் எனக்கு இந்தக் கதையில் ஒரு மனக்குறை இருக்கிறது. எங்களைப் பற்றிப் படம் என்றால் ஏன் எப்போதும் சாவீடு, துரத்துதல், அழுகை? சாந்தி தையல் கடை வைத்திருக்கிறாள் என்றால் அவள் தைக்கிறதைக் காட்டுங்கள். கிரியை வீட்டுக்கு வந்தவள் ஒரு சித்தியின் சட்டைக் கை இறுக்கமாக இருப்பதைப் பார்த்து, பேச்சுவாக்கில் பிரித்துத் தைத்துக் கொடுக்கட்டும். மாமா கத்திக்கொண்டிருக்கட்டும், அது பின்னால் கேட்டால் போதும்.

கல்முனை_காக்கா

அந்தத் தையல் காட்சியில் சாந்தியும் சித்தியும் என்ன பேசுவார்கள்? அமெரிக்கச் சித்திரக்கதைக்காரி அலிசன் பெக்டல் 1985 இல் வேடிக்கையாக ஒரு சோதனை போட்டார்: படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஒரு ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. எத்தனை பெரிய படங்கள் இதிலே விழுகின்றன என்று பாருங்கள். சித்தியும் சாந்தியும் துணி விலை பற்றிப் பேசினால்கூடப் பாஸ்.

நேர்கோடு

சரி சரி. நான் கேட்பது ஒன்றுதான். திருநங்கையையே போடுவது என்று முடிவெடுத்தால், இந்தச் சின்ன மாவட்டத்தில் யார் வருவார்? யூடியூப்பில் போட்டால் நாளைக்கே ஊர் முழுக்க வட்ஸ்அப்பில் சுற்றும்.

நிலாமதி

இந்த முறை நேர்கோடு அண்ணன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.

எங்களில் சிலருக்கு முகம் வெளியே தெரிவதில் பிரச்சினை இல்லை. சிலருக்கு வாடகை வீட்டுக்காரர் அறிந்தால் அடுத்த மாதம் வீடு இல்லை. சட்டமும் கழுத்துக்கு மேலே நிற்கிறது. ஓரினப் பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இரண்டும் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் இருந்து இன்னும் போகவில்லை. 1995 இல் திருத்தியபோது பெண்களையும் உள்ளே இழுத்தார்கள். 2023 இல் அதை மாற்ற ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தது, அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றமும் சொன்னது. அதோடு நின்றுவிட்டது. திருநங்கையாக இருப்பது குற்றம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் வீதியில் மறிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியவேண்டுமே.

ஆகவே 'உண்மையான ஆள்தான் வேண்டும்' என்று கொடி பிடிக்கிறவர்கள், அந்த ஆளுக்குப் படம் வந்த பிறகு என்ன நடக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நான் நடிக்கிறேனா என்று கேட்காதீர்கள், இன்னும் முடிவெடுக்கவில்லை. யாராக இருந்தாலும் என் நிபந்தனைகள் இவை. நாட்கூலி கொடுக்க வேண்டும், அவள் கடையை மூடிவிட்டு வருகிறாள். இலங்கையில் யூடியூப்பில் போடுவதா இல்லையா என்பதை அவள் சொல்ல வேண்டும், படம் முடிந்த பிறகும் மனம் மாறலாம். ஒப்பனை, உடுப்பு மாற்ற பூட்டுப் போடக்கூடிய ஒரு அறை. அப்புறம், அவள் வரவில்லை என்றால் அந்தக் கூத்துத் தம்பி நடிக்கட்டும், எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒத்திகைக்கு எங்களில் ஒருத்தி இருப்பாள், அவள் 'வேண்டாம்' என்றால் அந்த வரி போக வேண்டும்.

ஸ்காபரோ_மட்டுநகரான்

நாட்கூலிக்கு நான் காசு அனுப்புகிறேன். வாவிக்கரை, தனிமடலில் விபரம் தாருங்கள். என் பேர் படத்தில் வேண்டாம்.

படுவான்கரை_மத்தளம்

நிலாமதி, நீங்கள் எந்தக் கூத்தில் எந்தப் பாத்திரம் ஆடினீர்கள் என்று கேட்கலாமா? ஊர் கேட்கவில்லை.

நிலாமதி

சுபத்திரை. அபிமன்யு செத்த செய்தி வருகிற இடம் அண்ணன்.

படுவான்கரை_மத்தளம்

அந்தப் பாட்டை நாலு பேருக்குத்தான் ஒழுங்காகப் பாட வரும்.

வாவிக்கரை

எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டேன். செய்யப்போவது: மாமாவை மையமாக வைத்து வீட்டு உறுதிப் பிரச்சினை, தங்கச்சிக்கு முழுக் காட்சி, தையல் காட்சி, கொட்டில் போடுகிற பறங்கித் தச்சன் (தச்சன் தம்பி, நீங்களே வந்து நடியுங்கள்). கிரியைக் காட்சியை நீக்கமாட்டேன், நிலாமதி. சாவீட்டில்தான் நம்மட சொந்தக்காரர் எல்லாரும் ஒரே முற்றத்தில் நிற்பார்கள், எனக்கு அந்த முற்றம் வேண்டும். அழுகையைக் குறைக்கிறேன். உங்கள் நிபந்தனைகள் நாலும் அப்படியே குழு உடன்படிக்கையில் போகும். கூத்துத் தம்பியிடம் பேசினேன், காத்திருக்கிறேன் என்றார். திருத்திய பிரதியை உங்களுக்குத்தான் முதலில் அனுப்புவேன்.

பொது இடத்தில் காட்டுவதற்குத் தணிக்கைச் சபை அனுமதி எடுப்பது பற்றி அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

வயலோரம்

தங்கச்சிக்கு ஆள் கிடைத்துவிட்டதா? நான் நடிக்கமாட்டேன், வீட்டில் வெட்டிப் போடுவார்கள். வசனம் எழுதித் தரலாம்.

வாவிக்கரை

எழுதுங்கள், பேர் போடுவேன்.

நேர்கோடு

மாமா பாத்திரத்துக்கு ஆள் இருக்கிறதா? வாசலில் நின்று கத்துவதற்கு எனக்குப் பயிற்சி தேவைப்படாது.

வாவிக்கரை

இந்த இழையிலேயே பார்த்தோம் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் ஒத்திகைக்கு வாருங்கள். பெட்ரோல் காசு தரமுடியாது, சாப்பாடு உண்டு.